கப்பலேறுவோன் கையிற் கொடுக்கத்தக்க நூல் எது?

பிழைப்பு நாடிப் பிற நாடு செல்லும் தமிழன் தன் மூட்டையில் மாற்றுத் துணி, ஊறுகாய், குலதெய்வத்தின் திருநீறு முதலியவற்றை மறவாது எடுத்து வைக்கிறான். அவற்றோடு ஒரு தமிழ் நூலையும் வைத்தனுப்ப நாம் விரும்பினால் எந்த நூலைத் தேர்ந்தெடுப்போம்? போகுமிடத்தில் தன்னை எதிர்நோக்கி நிற்பது யாது என்பதை அவனுக்கு உள்ளது உள்ளபடி உரைக்கும் நூல்கள் நம் மொழியில் எத்தனை உண்டு? ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கடல் கடந்து வரும் ஓர் இனத்தின் இலக்கியத்தை இந்த ஒரு வினாவைக் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"இலக்கியம் என்ன, இரயில் அட்டவணையா? வழி சொல்வதா அதன் வேலை?" என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கலாம். வழி சொல்வது இலக்கியத்தின் வேலையன்று என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆயினும், ஒரு கவிஞனோ கதாசிரியனோ கடல் கடந்தவனின் வாழ்க்கையைத் தன் பொருளாக எடுத்துக்கொண்டானாயின், "நீ சொல்வது மெய்யா? முழு மெய்யா?" என்று கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. அந்த வாசகன் நாளையே புறப்படப் போகிறவனாக இருந்தால் அவ்வுரிமை இருமடங்காகிறது. ஏனெனில், பொய்யான எதிர்பார்ப்புக்கு அவன் கொடுக்கும் விலை அவனுடைய ஆயுளில் சில ஆண்டுகள்.

இதனை எழுதுபவன் ஜோகூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாகப் பணிபுரிபவன். ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, பின்னரே தமிழ் நூல்களைத் தேடிப் படித்தவன். கிராணி என்ற பெயருக்கு நம் தோட்டக் கதைகளில் நற்பெயர் கிடையாது. பல இடங்களில் அது நியாயமும் ஆகும். ஆனால் வேலை செய்த நாள், பெற்ற கூலி, பிடித்தம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதிப் பழகியவன் ஒரு கதையைப் படிக்கும்போது, அந்த வரி எங்கே என்று தேடுவது இயல்பன்றோ?

தஞ்சோங் பகார் என்னும் வாயில்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரைக் காட்டிலும் இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான இடம் வேறில்லை. 1864ஆம் ஆண்டில் தஞ்சோங் பகார்த் துறைமுகக் கம்பெனி தோன்றியது. 1905இல் அரசாங்கமே அதனை எடுத்துக்கொண்டது. அங்கே சுமை தூக்கியவர்களிலும் லயங்களில் உறங்கியவர்களிலும் தமிழர் மிகப் பலர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் மேல்தட்டில் வந்தவர்கள் நகரத்தில் கால் வைக்கு முன்னர் செயிண்ட் ஜான்ஸ் தீவில் நோய்க்காப்புக்காகத் தடுத்து வைக்கப்பட்டனர். புதிய நாட்டைப் பற்றி அவர்கள் கற்ற முதற்பாடம் அதுவே. செல்வம் கொழிக்கும் நகரம் கண்ணெதிரே தெரியும். இடையில் கடல் நிற்கும்.

1932ஆம் ஆண்டு மே மாதத்தில் தஞ்சோங் பகார் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் வெண்சலவைக் கல்லில் நான்கு உருவங்கள் நிற்கின்றன. அவை வேளாண்மை, தொழில், வாணிபம், போக்குவரத்து ஆகியவற்றைக் குறிப்பன. அந்த நான்கையும் தன் தோளில் தாங்கிய கூலிக்காரனின் முகம் அவற்றில் எதிலும் இல்லை. இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. நிலையம் திறக்கப்பட்ட காலம் உலகப் பொருளாதார மந்தத்தின் காலம். 1930இல் தோட்டத்து ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டிருந்தன; வேலையிழந்த தமிழர் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தனர். சலவைக்கல் வரவேற்றுக்கொண்டிருந்த அதே வேளையில் கப்பல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது! 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளுக்குப் பின் அந்நிலையத்துக்கு வண்டி வருவதில்லை. கட்டடம் மட்டும் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. அதனுள்ளே வந்து சென்றவர்கள் எதனை நம்பி வந்தார்கள் என்பதைக் காக்கும் சின்னம் எது? அது நம் எழுத்தாகத்தானே இருக்க முடியும்?

முதல் ஆசிரியன் கங்காணி

அவர்கள் நம்பி வந்தது கங்காணியின் சொல்லை. தோட்டத்திலே வேலை செய்த ஒருவனையே துரைமார் உரிமச் சீட்டும் செலவுப் பணமும் கொடுத்து அவன் சொந்த ஊருக்கு அனுப்பினர். கிராம முன்சீப்பின் கையொப்பத்தோடு அவன் ஆள் சேர்த்து, ஆவடி அல்லது நாகப்பட்டினத்து டிப்போவுக்குக் கொண்டுவந்தான். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பற் கட்டணத்தைக் கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் ஆளைக் கட்டிப்போட்ட ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் நின்றது. ஆனால் கங்காணியின் வாய் நிற்கவில்லை. 1938இல் இந்திய அரசாங்கம், பிறர் பணத்தில் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்யும் வரையில் அது பேசிக்கொண்டே இருந்தது.

இலங்கை மலைநாட்டில் வழங்கும் கதையொன்றை வாசகர்கள் அறிந்திருப்பர். தேயிலைச் செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி ஆள் பிடித்தார்களாம். இதனைக் கேட்டு நம்மவரின் அறியாமையை எண்ணிச் சிரிப்பவர் உண்டு. நாம் சிரிக்கமாட்டோம். கங்காணியின் பேச்சைப் புறங்கையால் தள்ளாமல், அது ஏன் வென்றது என்று ஆராய்வதே திறனாய்வாளன் கடன். பேசுபவன் அயலான் அல்லன். அதே ஊர், அதே பேச்சு, பெரும்பாலும் உறவு. அவன் தோளில் கோட்டு இருந்தது. கையில் குடை இருந்தது. அவன் சொன்னவற்றிற் பல மெய்யும்கூட. கூலி காசாகவே கிடைக்கும் என்றான், கிடைத்தது. மாதந்தோறும் கிடைக்கும் என்றான், அதுவும் உண்மையே. அந்தக் காசில் அரிசி என்ன விலை என்பதை அவன் சொல்லவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை அதில் எவ்வளவை வாங்கிக்கொள்ளும் என்பதையும் சொல்லவில்லை. தான் கொண்டுவந்த ஆள் ஒவ்வொருவனும் வேலைக்கு இறங்கும் நாளெல்லாம் தனக்குத் 'தலைக்காசு' உண்டு என்பதை அவன் வாய் திறந்து சொல்லவே இல்லை.

இதிலிருந்து நாம் பெறும் விதி ஒன்று உண்டு. சொல்பவனுக்குத் தன் சொல்லால் வருவாய் வருமாயின், அச்சொல்லை எடை போட்டே வாங்க வேண்டும். இவ்விதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயரும் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களே. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44இல் எழுதிய 'மார்ட்டின் சஸல்விட்' என்ற நாவலில், 'ஏதேன்' என்னும் பெயருள்ள நகரத்தின் அழகிய படத்தைக் காட்டி நிலம் விற்கிறான் ஒரு தரகன். வாங்கியவன் போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது சதுப்பு நிலமும் காய்ச்சலும்! தேயிலைத் தூரில் தேங்காய்க்கும் சதுப்பில் ஏதேனுக்கும் வேற்றுமை எங்கே?

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அதுவே நம் கவலைக்குக் காரணம். டிக்கன்ஸுக்கும் முன்பாக, 1829இலேயே, வில்லியம் காபெட் என்பவர் 'குடியேறுவோர் வழிகாட்டி' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். எவர் போகலாம், எவர் போகலாகாது, கப்பலில் என்ன கொண்டுசெல்ல வேண்டும், இறங்கியதும் என்ன செய்ய வேண்டும் என்று பத்துக் கடிதங்களாக எழுதிய அவர், ஏற்கெனவே அமெரிக்கா சென்ற எளிய ஆங்கிலக் குடியானவர் தம் உறவினர்க்கு எழுதிய கடிதங்களையும் அதில் அச்சிட்டார். ஆங்கிலேய உழவனுக்கு ஏமாற்றும் தரகனும் இருந்தான். எதிர்த்துப் பேசும் எழுத்தாளனும் இருந்தான். தமிழ் உழவனுக்கோ கங்காணி ஒருவனே தரகன், அவனே நூலாசிரியன், அவனே விமரிசகன்.

நம் புலவர் பாடியது என்ன?

தமிழில் பிரிவைப் பாடும் மரபு மிகப் பழையது. பொருள்வயிற் பிரிவு என்று சங்கச் சான்றோர் அதற்குத் துறையே வகுத்தனர். தலைவன் நடக்கும் பாலையின் வெம்மையையும், தலைவி நாளெண்ணிச் சுவரில் இட்ட கோடுகளையும் அவர்கள் பாடிய அழகுக்கு நிகரில்லை. ஆயினும் போன இடத்தில் அவன் யாரிடம், எந்த ஊதியத்துக்கு, எவ்விதம் உழைத்தான் என்பதைப் பாடுவது அவர்களுக்கு வழக்கமில்லை. வழி உண்டு, வீடு உண்டு, வேலை இல்லை. பின் வந்த கொன்றைவேந்தனும் பொருள் தேடக் கடலோடச் சொல்கிறதேயன்றி, ஓடியவன் எவ்வளவு கடனோடு ஓடலாம் என்று சொல்லவில்லை. இது குறையன்று, அக்காலத்து மரபு. ஆனால் கப்பல் கப்பலாக ஆள் ஏறிய காலத்திலும் அம்மரபு தொடர்ந்ததா என்பதே நம் கேள்வி.

பாரதியார் பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களை நினைத்துப் பாடினார். அந்தத் தீவை அவர் கண்டதில்லை. செய்தி கேட்டே நெஞ்சு பதறினார். ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக நாட்டில் எழுந்த குரலோடு அப்பாடலும் சேர்ந்து ஒலித்தது. அதனைக் குறை கூறுவார் நன்றி மறந்தவர். எனினும் அப்பாடலில் பெண்கள் அழுகிறார்கள், நாம் கேட்கிறோம், அவர்கள் பேசுவதில்லை. அவர்களுடைய பெயரோ, ஊரோ, அவர்கள் கைநாட்டு வைத்த சீட்டில் எழுதியிருந்தது யாதென்பதோ நமக்குத் தெரிவதில்லை. கண்ணீர் அநீதியை ஒழிக்க உதவும். அடுத்த சீட்டில் கைநாட்டு வைக்கப் போகிறவளுக்கு அச்சீட்டைப் படித்துக் காட்ட அது உதவாது.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் மணிக்கொடியில் வந்தது. திருநெல்வேலிச் சீமைச் சிற்றூரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் செல்லும் மருதியின் கதை அது. அதன் பெருஞ்சிறப்பு, துன்பத்தைத் தோட்டத்திலே தொடங்காமல் ஊரிலே தொடங்கியதாகும். ஊர் அவளுக்குச் சோறு போட்டிருந்தால், மானத்தோடு வாழ விட்டிருந்தால், கங்காணியின் சொல் அவள் காதில் ஏறியே இராது. வெள்ளைக்காரனை மட்டும் வைது, ஊர்ப் பெரிய மனிதனை விட்டுவிடும் தேசபக்தி எழுத்துக்களிடையே இது துணிவான செயல். தோட்டத்து அதிகாரப் படிகளில் நிற்போர் பெண்களை எவ்விதம் சூறையாடினர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எம்மைப் போன்ற உத்தியோகஸ்தர் வர்க்கம் அக்கதையைத் தலைகுனிந்தே படிக்க வேண்டும். ஆயினும் அதன் பெயரே அதன் எல்லையைக் காட்டுகிறது. கேணியில் விழுந்தவளுக்குச் சுவர் தெரிகிறது, இருள் தெரிகிறது. படி எந்தப் பக்கம் என்பது தெரியவில்லை. அடுத்த கப்பலுக்கு நிற்கும் மற்றொரு மருதி, போய்ச் சேர்ந்ததும் யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதை அதிலிருந்து அறியமாட்டாள்.

பின்னாளில் அகிலன் மலேசியத் தோட்டங்களை நேரில் வந்து கண்டு 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலை எழுதினார். 1977இல் அது நூலாக வந்தது. புகழ் பெற்ற எழுத்தாளர் ஒருவர் பால்வெட்டுக்காரரின் லயத்தை எட்டிப் பார்த்தாரே என்ற மகிழ்ச்சி அன்று இந்நாட்டில் பலருக்கு உண்டாயிற்று, அதில் தவறில்லை. ஆனால் விருந்தினருக்குத் தோட்டம் மாலையோடு வந்து நிற்கும். பெரட்டோ விடியுமுன்னே நடந்து முடிந்துவிடும். இரக்கம் நிறைந்த அந்நாவலில் தொழிலாளர் நல்லவராகவே வருகிறார்கள். அவர்கள் கணக்குப் பார்ப்பவர்களாகவும், சில வேளை பொய் சொல்பவர்களாகவும், ஒருவர்க்கொருவர் கடன் கொடுத்து வட்டி வாங்குபவர்களாகவும் நாம் அன்றாடம் காண்கிறோம். அந்த முழு மனிதனைக் காட்டினால்தான், புதிதாக வருபவன் யாரிடம் எச்சரிக்கையாக இருப்பது என்று கற்பான்.

கணக்குச் சொன்னவர்கள்

நிற்க. ஆசை காட்டும் வாய், அழுது புலம்பும் வாய் ஆகிய இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வகை எழுத்து ஒன்று உண்டு. போனவனே பேசுவது அது. அல்லது கணக்கை அருகிருந்து பார்த்தவன் பேசுவது.

இந்தி மொழியில் தோதாராம் சனாட்யா என்பவர் அவ்விதம் பேசினார். 1893இல் ஏமாற்றிப் பீஜிக்கு அனுப்பப்பட்ட கூலி அவர். இருபத்தோராண்டு கழித்துத் திரும்பி, 1914இல் தம் அனுபவத்தை நூலாக்கினார். ஆள் பிடிப்பவன் என்ன சொன்னான், டிப்போவில் என்ன நடந்தது, தோட்டத்தில் என்ன கிடைத்தது என்று வரிசையாகச் சொன்ன அந்நூல், ஒப்பந்தக் கூலிமுறையை ஒழிக்க எழுந்த கிளர்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று. பாரதியாரின் பாடலும் சனாட்யாவின் நூலும் ஒரே கொடுமையைப் பற்றியவை. ஒன்று நம்மை உருக்குகிறது. மற்றொன்று நம்மை விழிக்கச் செய்கிறது. தமிழுக்கு இரண்டும் வேண்டும். நம்மிடம் முதலாவதே மிகுதி.

தமிழில் இவ்வகைக்கு மிக நெருங்கி வருபவர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரரான அவர் 1938இல் சுமத்திராவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர், போரைக் கண்டவர், 1946இல் ஊர் திரும்பியவர். அவருடைய 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தன. அவர் எழுதியது தோட்டத்தை அன்று, வட்டிக்கடையையும் வாணிபத்தையும். பெட்டியடிப் பையனிலிருந்து அடுத்தாள், மேலாள், முதலாளி வரை உள்ள படிகளை அவர் மனப்பாடமாக அறிவார். 'கடலுக்கு அப்பால்' நாவலில் இளைஞன் செல்லையா ஆயுதம் ஏந்திப் போரிட்டு வருகிறான். ஆனால் அவனுடைய முதலாளி, இவன் இனிக் கடைக்கும் மகளுக்கும் பொருத்தமானவனா என்று கணக்குப் போடுகிறார். அங்கே வில்லன் இல்லை, கணக்கு இருக்கிறது. கடல் கடந்தவன் கட்டாயம் எதிர்பார்க்க வேண்டிய ஒன்றைச் சிங்காரம் சொல்கிறார். புதிய நாடு உன்னை மாற்றிவிடும். உன்னை அனுப்பியவர்களோ பழைய ஆளையே திரும்பக் கேட்பார்கள். புறப்படும் பையனிடம் இதனைச் சொன்ன தமிழ் நூல்கள் மிகச் சிலவே.

மற்றொருவர் மருத்துவர் பி. எச். டேனியல். அவர் கடல் கடந்தவர்களை எழுதவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வால்பாறைத் தேயிலைக் காட்டுக்குச் சென்றவர்களையே எழுதினார். எனினும் முன்பணம் கொடுக்கும் மேஸ்திரியும் லயமும் கணக்குப் புத்தகமும் அங்கும் அவையே. 1969இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் 2007இல் தமிழாக்கினார். ஆண்டு முழுதும் இருவர் உழைத்தபின் கணக்குத் தீர்க்கும் நாளில், கையில் பணம் வருவதற்குப் பதிலாகக் கடன் மிஞ்சுகிற இடம் அந்நூலின் உயிர். அதனைப் படித்தபின் எவனும் முன்பணம் என்ற சொல்லைப் பழையபடி கேட்கமாட்டான். தோட்டத்து மருத்துவராக இருந்தவர் அதனை எழுதினார் என்பது தற்செயலன்று. புத்தகத்தின் மறுபக்கத்தைப் பார்க்கும் இடத்தில் அவர் இருந்தார்.

எழுதப்பட்டு அழிந்த கடிதங்கள்

கிராணிமாரும் அவ்விடத்தில் இருந்தவர்களே. எழுத்தறியாத தொழிலாளர் ஊருக்கு அனுப்பிய கடிதங்களைப் பல தோட்டங்களில் எழுதிக் கொடுத்தவர்கள் கிராணியும் தமிழ்ப் பள்ளி ஆசிரியரும் ஆவர். காபெட் அச்சிட்டது போன்ற கடிதங்கள் நம்மிடமும் ஆயிரக்கணக்கில் இருந்தன என்று இதனால் ஊகிக்கலாம். அவை அடுப்புக்கும் கறையானுக்கும் இரையாயின. ஒரு வேளை அவை கிடைத்திருந்தாலும் முழு மெய்யைச் சொல்லியிருக்குமா என்பதில் ஐயமுண்டு. "இங்கு யாவரும் நலம்" என்று தொடங்கும் கடிதத்தில் தோல்வியை எழுத இடமில்லை. கடன் வாங்கி வந்தவன், நகை விற்று அனுப்பிய தாய்க்கு, "ஏமாந்தேன்" என்று எழுதுவானா? விடுமுறையில் ஊர் செல்பவன் இரவல் கடிகாரம் கட்டிக்கொண்டாவது செல்கிறான். அவனைப் பார்த்து அடுத்த வீட்டுப் பையன் புறப்படுகிறான். கங்காணி ஒழிந்த பின்னும் கங்காணியின் கதை ஒழியாததற்கு இதுவே காரணம். இப்பொழுது அதனைச் சொல்வது நம் மானம்!

ஆகவே கடல் கடந்தோர் இலக்கியத்தின் முதற்கடமை, தோல்வியை வெட்கமின்றிச் சொல்லத்தக்க ஒரு நடையைக் கண்டுபிடித்தல். புலம்பல் அந்நடையன்று, புலம்பல் தோற்றவனை மேலும் சிறியவனாக்குகிறது. "இன்ன தொகை கொடுத்தேன், இன்ன தொகை பெற்றேன், இன்னவை பிடிக்கப்பட்டன, இவரிடம் கேட்டேன், இப்பதில் வந்தது" என்று நிமிர்ந்து நின்று சொல்வதே அந்நடை.

சொல்லப்பட வேண்டியவை

அத்தகைய எழுத்து எவற்றைச் சொல்ல வேண்டும்? மூன்றை மட்டும் ஈண்டுக் குறிப்போம்.

முதலாவது, சாதி. கடல் கடந்தால் சாதி கெட்டுவிடும் என்று சாத்திரம் பயமுறுத்தியது. கடந்து பார்த்தோம், கெடவில்லை! அது டிக்கெட்டு வாங்காமலே கப்பலேறி வந்து, தோட்டத்தில் தனி லயமும் தனிக் குழாயும் கேட்டது. 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்து பேச வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. புதிய நாட்டில் பழைய இழிவு இராது என்று எண்ணி வருபவனுக்கு, அது மூட்டைக்குள்ளேயே வருகிறது என்று சொல்லும் கதைகள் வேண்டும்.

இரண்டாவது, உரிமைச் சீட்டு. மூன்றாண்டில் திரும்பிவிடுவோம் என்று வந்தவர்கள் மூன்று தலைமுறை தங்கிவிட்டனர். ஆனால் தாள் எடுக்க மறந்தனர், அல்லது தாள் கிடைக்கவில்லை. விளைந்தது என்ன? இலங்கையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கூடி அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தனர். மலேசியாவில் 1969க்குப் பின் வேலை அனுமதி முறை இறுகியபோது, குடியுரிமையில்லாத தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியா திரும்ப நேர்ந்தது. தங்கியவர்களில் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர் பலர். சிங்கப்பூரிலோ 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வாயிலாகத் தமிழரைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்படி விடாது வற்புறுத்தினார். கதையும் கவிதையும் செய்யாத உதவியைச் செய்தித்தாளின் அப்பத்திகள் செய்தன. இலக்கியம் பத்திரிகையைக் கண்டு நாணமுற வேண்டிய இடம் இது.

மூன்றாவது, இன்றைய கணக்கு. மேல்தட்டுப் பிரயாணிகளை ஏற்றி வந்த 'ரஜூலா' கப்பல் 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. இப்பொழுது தமிழ் இளைஞர் சில மணி நேரத்தில் பறந்து வந்து, சிங்கப்பூரின் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கின்றனர். சட்டம் முன்னைப்போல் ஊமையாக இல்லை. வேலை அனுமதிக்கு முன்பாக வரும் ஒப்புதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் படிகளும் பிடித்தங்களும் எழுதப்பட வேண்டும்; தொழிலாளியின் தாய்மொழியிலும் அது கிடைக்கும். சிங்கப்பூர் முகவர், ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், உச்சமாக இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளியிடம் வாங்கலாகாது. ஆனால் ஊரிலிருக்கும் தரகர் சங்கிலிக்கு இச்சட்டத்தின் கை எட்டாது. நிலம் அடகு வைத்த பணம் அங்கேயே கரைந்துவிடுகிறது. மலேசியாவில் மற்றவன் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்தல் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதனை அறியாது தன் சீட்டைத் தானே நீட்டுகிறவன் இன்றும் உண்டு. நான் எழுதும் பெயர்ப்பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் அருகிவிட்டன. வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் அவ்விடத்தில் இருக்கின்றனர். அவர்கள் தத்தம் ஊரில் கேட்டுவந்த கதைகளை எனக்குச் சொல்கிறார்கள். ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால், அவை நாகப்பட்டினத்தில் நம் பாட்டன்மார் கேட்ட கதைகளே!

இருளே நிறைந்திருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. 2014 முதல் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்க்கெனக் கவிதைப் போட்டி நடந்து, அவர்கள் தத்தம் மொழியிலேயே எழுதத் தொடங்கினர். தமிழும் அவற்றுள் ஒன்று. 1979இல் தோன்றிய வாய்மொழி வரலாற்று மையம் முதியோர் பலருடைய நினைவுகளை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறது. முதன்முறையாகப் போனவனே பேசுகிறான். ஆயினும் போட்டிக் கவிதைகளிலும் தாயின் கைச்சோறும் நிலவுமே பெரிதும் வருகின்றன. சம்பளச் சீட்டு வருவதில்லை. பரிசு அளிப்போர் ஏக்கத்தையே கவிதை என்று எண்ணினால், எழுதுவோரும் ஏக்கத்தையே எழுதுவர். இக்குற்றம் எழுதுபவனுடையதன்று, நம் இரசனையினுடையது.

கப்பலேறுவோன் கையில் இன்று எந்த நூலைக் கொடுக்கலாம் என்று கேட்டால், சிங்காரத்தின் இரண்டு நாவல்களையும் 'எரியும் பனிக்காட்டை'யும் கொடுக்கலாம் என்பதே எம் விடை. 'துன்பக்கேணி'யை அவனுக்கன்று, அவனை அனுப்பும் ஊருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அவனுக்கென்றே எழுதப்பட்ட நூல் இன்னும் பிறக்கவில்லை. அதனை எழுதத்தக்கவர் பெரும்புலவர் அல்லர். விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மாதக் கணக்கைக் கைப்பேசியில் குறித்து வைக்கிறானே, அவனே அதன் ஆசிரியன். இம்மலரை நடத்தும் அன்பர்கள் வாரந்தோறும் ஒரு பக்கத்தை அவனுக்கு ஒதுக்குவார்களாக. பெயர் வேண்டாம், உவமை வேண்டாம்; கொடுத்தது, பெற்றது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய நான்கும் போதும். ஆயிரம் தேங்காய்க் கதைகளை முறிக்க அத்தகைய நூறு பக்கங்கள் போதுமானவை. அவை சேர்ந்து நூலாகும் நாளில், அதுவே இலக்கியமா என்று வாதிட விரும்புவோர் வாதிடட்டும். புறப்படுகிறவன் அதனைத் தன் மூட்டையில் வைத்துக்கொள்வான்.